பண்டிகை இல்லாத வீட்டுக்கு யார் போவது?

சென்னையிலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜில் உறுப்பினர். (லாட்ஜ் என்றதும் நம்மில் பலருக்குப் பேருந்து நிலையத்தின் எதிரே அறை வாடகைக்குக் கிடைக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பு தன் கிளைகளை லாட்ஜ் என்று அழைக்கிறது. இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் 1961-ல் உருவானது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பிரதர் என்பார்கள்.) இந்த ஆண்டு அவரை ‘அல்மோனர்’ ஆக்கியிருக்கிறார்கள். நோயுற்ற, நொடித்துப்போன உறுப்பினர்களையும் இறந்துபோன உறுப்பினர்களின் மனைவிமாரையும் கவனித்துக்கொள்வது அந்தப் பொறுப்பின் வேலை.

அவர் கவலைப்படுவது மூன்று பேரைப் பற்றி. முதலாமவர் 76 வயது முன்னாள் மாஸ்டர், அதாவது லாட்ஜின் தலைவராக இருந்தவர். மத்திய அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசகர் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாராம். ஆவணியில் அவர் மனைவி மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். அண்ணா அதன் பிறகு லாட்ஜ் கூட்டத்துக்கு வரவில்லை. தீபாவளி வந்தது, ‘துக்க வீடு, வாழ்த்துச் சொல்லக் கூடாது’ என்று ஒருவரும் போகவில்லை, தொலைபேசியிலும் பேசவில்லை. நவம்பர் கடைசியில் வாசகர் போனபோது அண்ணா இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்க, இருட்டில் உட்கார்ந்திருந்தார். லாட்ஜ் சடங்குகளில் இடுப்பில் கட்டும் தன் ஏப்ரன், மாஸ்டராக இருந்ததற்கான பதக்கம், கையால் எழுதிய குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்து, “அடுத்த வருடம் இதையெல்லாம் யார் தேடப் போகிறார்கள்? நீயே வைத்துக்கொள்” என்றிருக்கிறார். “மகனிடம் எதுவும் சொல்லாதே. இது நம் இருவருக்குள் இருக்கட்டும்” என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாமவர் 43 வயது உறுப்பினர். வேலை போய் ஏழு மாதம் ஆகிறது, சந்தா பாக்கி, லாட்ஜ் விருந்துகளில் அளவுக்கு மீறிக் குடிக்கிறார், வீட்டிலும் தினமும் குடிப்பதாக அவர் மனைவி சொல்கிறார். மூன்றாமவர் மறைந்த உறுப்பினர் ஒருவரின் மனைவி. ஆண்டுதோறும் லாட்ஜ் அனுப்பும் பண்டிகைக் கூடையை இந்தத் தீபாவளிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டிசம்பர் 27, செயின்ட் ஜான் நாளன்று லாட்ஜில் குடும்ப விருந்து. அதில் அண்ணாவுக்குப் பொன்னாடை போர்த்தி உற்சாகப்படுத்தலாம், இளையவருக்கு நிதி திரட்டிக் கொடுக்கலாம் என்பது குழுவின் திட்டம். “பண்டிகைக் காலத்தில் தற்கொலைகள் அதிகம் என்கிறார்களே, உண்மையா? அண்ணாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே ஊட்டியதாகிவிடாதா? அவர் கேட்டுக்கொண்ட ரகசியத்தை மீறலாமா? பெற்றவரை இப்படி விட்டுவிட்ட மகன் மேல் முதியோர் சட்டத்தில் வழக்குப் போட முடியுமா?” என்று கேட்கிறார். இரவில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பொறுப்பின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. நான் ஃப்ரீமேசன் இல்லை. ஆனால் 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை, நோயாளிகளின் வீட்டு நிலையை விசாரிக்க மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை நியமித்தபோது அவருக்குக் கொடுத்த பதவிப் பெயர் அல்மோனர். இன்று எங்கள் மனநலப் பிரிவில் நோயாளியின் வீட்டுக்குப் போய் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவரும் மருத்துவ சமூகப் பணியாளர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். காசோலை எழுதுவது அந்த வேலையில் சிறு பகுதி. போய்ப் பார்ப்பதுதான் பெரும்பகுதி.

அதனால் முதலில் ஒரு கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு நீங்கள் முப்பது பேரும் போகாமல் இருந்தது மரியாதை என்று நினைக்கிறீர்கள். நம் வழக்கம் அப்படிச் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் பல ஊர்களில், பங்காளிகள் அல்லாத உறவினரும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் வீட்டில் சுட்ட பலகாரத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். சற்று நேரம் உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். பண்டிகையை நிறுத்தச் சொன்ன அதே வழக்கம், அந்த வீட்டு வாசலை ஆள் இல்லாமல் விடக்கூடாது என்றும் ஏற்பாடு செய்திருந்தது. அடுக்குமாடிக்கு வந்த பிறகு முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். தெருவே வெடித்துக்கொண்டிருக்கும் நாளில் ஒருவர் மட்டும் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போ என்பார்கள். உங்கள் லாட்ஜ் இரண்டுக்கும் போகவில்லை. நீங்கள் ஒருவராவது நவம்பரில் போனீர்கள். அந்த ஒரு முறை போனதால்தான் இன்று இந்தக் கடிதமே இருக்கிறது.

பண்டிகைக் காலத்தில் தற்கொலைகள் கூடுகின்றன என்பது மேலைநாட்டுப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதி நிலைநிறுத்திய நம்பிக்கை. அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் டிசம்பர் பெரும்பாலும் எண்ணிக்கை குறைந்த மாதங்களில் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் மனிதரைப் பார்த்து நான் பயப்படுகிறேன். இன்னொன்று: விருந்து நாளைவிட அதற்குப் பிந்தைய நாட்களைக் கவனியுங்கள். எல்லோரும் வந்துபோன பிறகு ஜனவரி இரண்டாம் தேதி மாலையில் மணி அடிக்காத தொலைபேசி ஒன்று இருக்கும்.

துக்கமா, நோயா?

கடிதத்தை வைத்து நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன்; சொல்வதும் தவறு. எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

துக்கம் அலை மாதிரி வரும். புடவை மடித்திருக்கும் அலமாரியைத் திறந்தால் அழுகை. பேரன் வீடியோ அழைப்பில் வந்தால் ஒரு சிரிப்பு. மனைவி வைத்த வத்தக்குழம்பைப் பற்றிப் பேசும்போது கண்ணில் ஒரு வெளிச்சம். நான்கு மாதத்தில் இதெல்லாம் இயல்பு. இதற்கு மாத்திரை கிடையாது, தேவையும் இல்லை. “அவள் கூப்பிடுவது போல இருக்கிறது” என்று சொல்வதும், சமையலறையில் வளையல் சத்தம் கேட்டதாகச் சொல்வதும்கூட நாற்பது, ஐம்பது ஆண்டு கூட வாழ்ந்தவர்களிடம் சாதாரணம்தான். அதைக் கேட்டு யாரும் பதற வேண்டியதில்லை.

மனச்சோர்வு நோய் அலையாக வராது. தேங்கிய தண்ணீர் போல இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நிற்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, பசியின்மை, எடைக் குறைவு, எதிலும் ருசியின்மை, ‘நான்தான் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை’ என்ற குற்ற உணர்வு, ‘என்னால் யாருக்கு என்ன பயன்’ என்ற எண்ணம். வயதானவர்கள், அதிலும் ஆண்கள், ‘மனது சரியில்லை’ என்று சொல்லவே மாட்டார்கள். வயிறு சரியில்லை, முதுகு வலி, ஞாபகம் போய்விட்டது என்பார்கள். தைராய்டு குறைபாடு, பி-12 குறைபாடு, ரத்தத்தில் சோடியம் குறைவது ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும் என்பதால் பரிசோதனை கட்டாயம். மனைவியை இழந்த முதியவர்கள் முதல் சில மாதங்களில் நோயாலும் இறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. காரணங்களில் ஒன்று மிக எளிமையானது: இத்தனை நாள் அவருடைய சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தது யார்? போனால் அந்த மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எடைக் குறைவு அல்ல, அந்தத் துணிப்பை. உயிராக வைத்திருந்த பொருளை ஒருவர் காரணமின்றிப் பிறர் கையில் ஒப்படைப்பதும், அடுத்த ஆண்டைத் தனக்கு இல்லாததாகப் பேசுவதும் எங்கள் தொழிலில் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள். வயதானவர் சாமான்களைப் பிரித்துக் கொடுப்பது சில வேளை வெறும் ஒழுங்கு உணர்வாகவும் இருக்கும். எது என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அவரைக் கேட்பது.

கேட்டால் என்ன ஆகும்?

கேட்பதால் எண்ணம் முளைக்காது. இது மனநல மருத்துவத்தில் ஆய்வுகளால் தெளிவான விஷயம். அந்த எண்ணம் இல்லாதவர் ‘சேச்சே’ என்பார். இருப்பவர், பெரும்பாலும், ஒரு பெருமூச்சு விடுவார். ஒருவழியாக யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற பெருமூச்சு. கேட்காமல் சுற்றி வளைப்பதுதான் அவருக்குத் தவறான செய்தி: இதைப் பேசக் கூடாது போலிருக்கிறது, நாம் தனியாகவே சுமக்க வேண்டும் போலிருக்கிறது.

எப்படிக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டமாகப் போகாதீர்கள். நீங்கள் மட்டும், மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். தனியாக இருப்பவர்களுக்கு விளக்கேற்றும் நேரம்தான் கனம். காபி நீங்களே போடுங்கள். முதலில் அண்ணியைப் பற்றிப் பேசுங்கள், பேச்சை மாற்றாதீர்கள், அழுதால் அழவிடுங்கள். பிறகு இப்படி:

“அண்ணா, போன முறை அந்தப் பையைக் கொடுத்தீர்கள். அதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. அண்ணி போன பிறகு, இனி இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? தற்கொலை செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா?”

அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். ‘தப்பாக எதுவும் யோசிக்க மாட்டீர்களே’ என்று கேட்டால் ‘மாட்டேன்’ என்ற பதில்தான் வரும். நீங்களே பதிலை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். வங்கியில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும்வரை பேசாமல் இருப்பீர்களே, அப்படி.

‘கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொண்டால் நல்லது, ஆனால் நானாக எதுவும் செய்ய மாட்டேன்’ என்றால், அந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவர் என்றால் முரண்டு பிடிப்பார். அவருடைய சர்க்கரை மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முதியவர்களில் அதற்கு மேலும் ஆகும். இரண்டாம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார். அதைப் பார்த்துக்கொள்வதும் அல்மோனர் வேலைதான்.

‘ஆமாம், யோசித்து வைத்திருக்கிறேன்’ என்றால் அன்று அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வாதம் செய்யாதீர்கள், பாவ புண்ணியம் பேசாதீர்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளை, இறந்த அம்மாளின் பழைய மருந்துகள் உட்பட, அவரிடம் சொல்லிவிட்டே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அன்றே மருத்துவமனை, போக முடியாத நிலை என்றால் 108. என்ன செய்வதென்று அந்த நிமிடத்தில் தடுமாறினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சென்னையில் 1986 முதல் இதே பணியைச் செய்யும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. அவர் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அவருக்காகக் கவலைப்படும் நீங்களும் கூப்பிடலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தயங்கும். அது பழைய பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இடம்பெறவில்லை. எண்ணம் வந்ததைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

‘நம் இருவருக்குள் இருக்கட்டும்’

உங்கள் சடங்குகளில் சகோதரனின் ரகசியத்தைக் காப்பதாக உறுதிமொழி உண்டு என்றும், அது உங்களை உறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சட்டத்தாலேயே கட்டுண்டவர்கள் நாங்கள். எங்களுக்கே உயிருக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல அனுமதி இருக்கிறது. உங்களைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அவர் கேட்டது ஒரு நண்பனின் வாக்கை. அதை மீறித்தான் ஆக வேண்டும்; ஆனால் முதுகுக்குப் பின்னால் மீறாதீர்கள். “இதை மட்டும் என்னால் எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது அண்ணா. இப்போதே மகனைக் கூப்பிடுவோம், நானும் பக்கத்தில் இருக்கிறேன்” என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். கோபப்படுவார். இரண்டு வாரம் உங்களிடம் பேசாமலும் இருக்கலாம். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். அது ஆறும்.

மகனிடம் பேசும்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்தத் தொனியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ‘பெற்றவரை அனாதையாக விட்டவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்; மகனுக்கு இதில் ஒரு பாதிகூடத் தெரியாது என்றும் நீங்களே வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் அம்மாவையும்தான் அவர் இழந்திருக்கிறார். வழக்கைப் பற்றி: நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தச் சட்டத்தை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோருக்காக. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்வரை வழங்க உத்தரவிடலாம். மனு போட வேண்டியவர் பெற்றோர். அவரால் இயலாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ அமைப்போ போடலாம். உங்கள் அண்ணா கை நிறைய ஓய்வூதியம் வாங்குகிறார். மகனைக் கூண்டில் ஏற்றச் சொல்லி அவர் உங்களைக் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று எந்தத் தீர்ப்பாயமும் உத்தரவு போடாது. அதை மகனிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால், என் அனுபவத்தில், அநேகமாகச் செய்வார்கள்.

டிசம்பர் 27 பொன்னாடைத் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். நான்கு மாதத் துக்கத்தில் இருப்பவரை, எல்லோரும் மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தின் மேடையில் தனியாக நிறுத்திக் கைதட்டுவது என்ன ஆறுதல்? வருகிறீர்களா என்று கேளுங்கள், வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். வந்தால் அரை மணியில் கிளம்ப அனுமதியோடு, ஓரத்து மேசையில், வீட்டில் கொண்டுபோய்விட ஓர் ஆளோடு. வராவிட்டால் அன்று இரவு சாப்பாட்டோடு இருவர் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

குடிக்கும் தம்பி

இங்கே ஒரு வாக்கியத்தைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ‘அவரை மாலை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம், நாளை முதல் ஒரு சொட்டுத் தொடக் கூடாது என்று சத்தியமும் வாங்கப் போகிறோம்.’

வேண்டாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி, முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் மனக்குழப்பம் கண்டு, இல்லாதவை கண்ணுக்குத் தெரியவும் கூடும். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்தாகும். ஒவ்வொரு கார்த்திகையிலும், சாமிக்கு மாலை போட்ட மூன்றாம் நாள் கருப்பு வேட்டியோடு எங்கள் வார்டுக்குத் தூக்கி வரப்படுபவர்கள் உண்டு. பக்தியைக் குறை சொல்லவில்லை. விரதம் நல்ல துணை. ஆனால் முதலில் மருத்துவர், பிறகு மாலை. நிறுத்துவதை மருத்துவக் கண்காணிப்பில் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும், 1980-ல் தொடங்கப்பட்ட டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனையிலும் இதற்கு வசதி இருக்கிறது. அவர் மனைவியையும் உடன் அழைத்துப் பேசுங்கள். ஏழு மாதமாக வீட்டை ஓட்டுபவர் அவர்.

நிதி திரட்டுவதாக இருந்தால் விருந்தில் அறிவிக்காதீர்கள். நேற்றுவரை உங்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். சந்தா பாக்கியை நிர்வாகிகள் இரண்டு பேருக்குள் தள்ளுபடி செய்யுங்கள். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் நேராகப் பள்ளிக்குக் கட்டுங்கள். பணத்தைவிட அவருக்குத் தேவை வேலை. முப்பது உறுப்பினர்களில் ஒரு தொழிற்சாலை வைத்திருப்பவரோ, ஒரு மேலாளரையாவது தெரிந்தவரோ இல்லாமலா இருப்பார்கள்? விருந்தில் டோஸ்ட் சொல்லும்போது எல்லா மேசையிலும் பழரசம் இருக்கட்டும். கோப்பையை உயர்த்தத்தானே வேண்டும், அதில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அவர் மேசையில் மட்டும் பழரசம் வைத்துவிடாதீர்கள், அது வேறு அவமானம்.

திரும்பி வந்த கூடை

அந்த அம்மா ஏன் திருப்பி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குழுவில் ‘நன்றி கெட்டவர்’ என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கூடையோடு ஐந்து பேர் போய்ப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதற்கு மேல் ஊகிக்கத் தேவையில்லை.

உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு ஒரு நாள் போங்கள். கையில் கூடை வேண்டாம், கேள்வி மட்டும்: “என்ன உதவி செய்யலாம்?” உங்களிடம் ஒரு திறமை இருக்கிறது, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்த வைப்புநிதி, லாக்கர், நாமினி விவரம் எல்லாம் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். முப்பது ஆண்டு வங்கியில் இருந்தவர் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஆமாம், அண்ணா இந்த நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்தாரா? கேட்டுப் பாருங்கள். கொடுக்காமல் விட்டிருந்தால், மறதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உங்கள் கூட்டங்களில் பைபிள், கீதை, குர்ஆன் என்று பல மத நூல்களைத் திறந்துவைப்பீர்கள் அல்லவா? அந்த உறுப்பினர்களுக்கு மனது கனக்கும் நாளும் ஒரே நாளாக இராது. ஒருவருக்கு ரம்ஜான், ஒருவருக்குக் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி, இன்னொருவருக்குத் திதி, வேறொருவருக்கு வெறும் கல்யாண நாள். இன்னார், இந்தத் தேதி, போக வேண்டியவர்கள் இரண்டு பேர் என்று எழுதுங்கள். எல்லோரும் போகலாம் என்று விட்டால் யாரும் போக மாட்டார்கள்; தீபாவளிக்கு நடந்தது அதுதான். ஓர் ஆண்டுக்கு மேலும் அண்ணா இதே நிலையில் இருந்தால், அதற்கென்றே தனிச் சிகிச்சை இருக்கிறது என்பதையும் அதில் குறித்துவையுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். மூன்று வீட்டையும் ஒருவரே சுமப்பதால் வரும் விழிப்பு இது என்றுதான் தோன்றுகிறது. அண்ணா விஷயத்தை லாட்ஜில் ஒருவரிடமாவது, விவரமெல்லாம் இல்லாமல், சொல்லித் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, அந்தத் துணிப்பை. திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஞாயிறு போகும்போது கொண்டுபோகாதீர்கள். அன்று கேள்வி மட்டும் போதும். சிகிச்சை தொடங்கி, அவர் இரவில் ஐந்து மணி நேரமாவது தூங்கத் தொடங்கிய பிறகு, அந்தக் குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சடங்கின் வாசகங்களை மனப்பாடமாகச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரையும் கூட அழைத்துப்போய், “எங்களுக்கு இந்த இடம் பிடிபடவில்லை அண்ணா” என்று பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஏப்ரனும் பதக்கமும் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். அவராகக் கேட்கும் நாள் வரும்போது கொடுக்கலாம்.